தாடிக்காரர்களும் சேகரின் உறுமியும்

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, தம்பி. பதில் போடாமல் அம்மா எங்கே போனாள் என்று யோசித்திருப்பாய். எங்கும் போகவில்லை. வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக நடந்துகொண்டு, உன் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். உன் கல்யாணத்துக்குப் பந்தல் எங்கே போடுவது, ஈப்போவிலிருந்து வரும் மணப்பெண் சாந்தியின் வீட்டாரை எங்கே தங்கவைப்பது என்று மூன்று பக்கம் எழுதியிருந்தாய். அதையெல்லாம் அப்பா பார்த்துக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் எனக்கென்று சில வரிகள் எழுதியிருந்தாய். "கோயிலில் நாதஸ்வரம் இருக்கட்டும், அது அப்பாவின் ஆசை. மாப்பிள்ளை அழைப்புக்கு மட்டும் சேகர் செட் உறுமி அடிக்க வேண்டும். அவனை நான் கேட்க மாட்டேன். நீங்கள்தான் கேட்க வேண்டும். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்." ஒன்றும் நினைக்க மாட்டாய் என்பதை நான் நம்பவில்லை. ஏழு வருஷமாக நீ நினைத்துக்கொண்டுதான் இருக்கிறாய். நானும்தான்.

சேகரைக் கேட்டேனா, அவன் என்ன சொன்னான் என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். என் நாற்பத்தைந்து வயதில், நீ கல்யாணம் செய்துகொண்டு தனிக் குடும்பமாகப் போகும் நேரத்தில், உனக்கு ஒன்றை முழுதாகச் சொல்லிவிட நினைக்கிறேன். பாட்டு என்றால் என்ன என்று நான் எப்படிக் கற்றுக்கொண்டேன், கற்றுக்கொண்ட பிறகும் எந்த இடத்தில் செவிடாகவே இருந்தேன் என்பதுதான் அது.

நம் தேயிலை எஸ்டேட்டின் பழைய துரை இங்கிலாந்துக்குத் திரும்பிய வருஷம் உனக்கு ஏழு வயது. துரை ஊர் போகிறார் என்றால் பங்களாவில் லெலோங் நடக்கும். அவர் கொண்டுபோகாத சாமான்களைப் புல்தரையில் பரப்பி ஏலம் விடுவார்கள். காலையில் அப்பாவைப் போல ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி வீட்டார், ஆஸ்பத்திரி டிரெசர் வீட்டார், டீச்சர் வீட்டார் போகலாம். நாங்கள் வேண்டாம் என்று விட்டதை மத்தியானத்துக்கு மேல், கீழே லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத்து ஆட்கள் வந்து பார்க்கலாம். அதில் ஏதோ சரியில்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. நான் நல்ல சாப்பாட்டு மேசை ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். அப்பா ரெக்கார்டு போடும் பெட்டியின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"மேசைதான் வீட்டுக்கு வேணும்லா. நம்ம மேசைக்கு ஒரு காலே இல்ல," என்றேன்.

"மேசை பாடுமா?" என்றார் அப்பா.

சினிமாப் பாட்டுக் கேட்க வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை. பெட்டியைக் கம்பளியில் சுற்றி எஸ்டேட் லோரியில் கொண்டுவந்து இறக்கினோம். திறந்து பார்த்தால் தட்டின் மேல் துரை மறந்துவிட்டுப் போன ஒரு ரெக்கார்டு இருந்தது. அட்டையில் நான்கு வெள்ளைக்காரர்கள், நால்வருக்கும் நெஞ்சுவரை தாடி. அந்தக் குழுவின் பெயர் உலகத்துக்கே தெரியும் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. நம் வீட்டில் அவர்களுக்கு அன்றிலிருந்து இன்றுவரை தாடிக்காரர்கள் என்றுதான் பெயர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குப் போய் ரெக்கார்டுகள் வாங்கிவருவதாக அப்பா சொல்லியிருந்தார். சனிக்கிழமை பெய்த மழையில் தாப்பா ரோட்டில் மண் சரிந்துவிட்டது. மூன்று வாரம் யாரும் கீழே இறங்க முடியவில்லை. ஆக, பெட்டி புதிது, ஆசை பெரிது, வீட்டில் இருந்ததோ ஒரே ரெக்கார்டு. முதல் நாள் அப்பா அரைப் பாட்டுக் கேட்டுவிட்டு எழுந்துவிட்டார். "நாயச் சங்கிலியில கட்டிப் போட்டா இப்படித்தான் கத்தும்," என்றார். எனக்கும் அதே அபிப்பிராயம்தான். எனக்கு ஆங்கிலம் தெரியும், பயிற்சிக் கல்லூரியில் படித்தவள். அப்படியும் ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. பாட்டு என்றால் எனக்கு வரிகள்தான். சின்ன வயதில் தேவாரம் சொல்லிக்கொடுத்தபோதும் சொற்களைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சினிமாப் பாட்டிலும் கருத்து நல்லதா என்றுதான் பார்ப்பேன். கருத்தே கேட்காத ஒரு பாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனாலும் போட்டேன். தொழிற்சாலை ஓடும் நேரமெல்லாம் வீட்டில் கரண்ட் இருக்கும். ஒரு மணிக்குப் பள்ளிக்கூடம் முடிந்து வந்து, உனக்குச் சோறு போட்டுவிட்டு, நோட்டுப் புத்தகங்களைத் திருத்த உட்காருவேன். வெளியே மூடுபனி ஜன்னல்வரை வந்து நிற்கும். துணைக்கு ஒரு சத்தம் இருக்கட்டும் என்று போட்டதுதான். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, திருத்திக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. டிரம் அடிக்கிறவர் அவசரமே படவில்லை என்பது திடீரென்று காதில் பட்டது. பாடுகிறவர் கத்துகிறார், கிட்டார்க்காரர் ஓடுகிறார், இவர் மட்டும் வாசலில் நின்று வீட்டாரெல்லாம் வந்துசேரட்டும் என்று காத்திருக்கிற ஆள் மாதிரி ஒரு நூலிழை தாமதித்துத்தான் கையை இறக்குகிறார். அந்தத் தாமதத்தில்தான் பாட்டு முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கேட்ட பிறகு அதற்கும் கீழே ஒரு தடித்த தந்தி தனியாக நடந்துபோவது கேட்டது. இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

நீ பெட்டியின் பக்கத்தில் தரையில் படுத்து, மரத்தோடு காதை ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாய். "அம்மா, இங்க வந்து கேளுங்க, வயித்துக்குள்ள கேக்குது," என்றாய். முப்பது வயது டீச்சர், சிமெண்டுத் தரையில் உன் பக்கத்தில் படுத்து, நானும் காதை ஒட்டி வைத்தேன். அப்பா ஆபீசிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது நாம் அப்படித்தான் கிடந்தோம். "என்னா, ரெண்டு பேரும் மயங்கிக் கெடக்கீங்க? டிரெசரக் கூப்பிடவா?" என்று அவர் பதறியதும், நீ எழுந்திருக்காமலே "ஷ்ஷ்" என்றதும் நினைவிருக்கிறதா?

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. பத்து வருஷமாகக் கேட்ட ரேடியோப் பாட்டுகளுக்குள் வயலின்கள் தனியாகவும் தபேலா தனியாகவும் பிரிந்து வந்தன. தொழிற்சாலை மாடியில் தேயிலையை வாட்டும் காற்றாடிகளுக்கு ஒரு சுருதி இருப்பதைக் கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது சொற்களுக்கு முன்னால் கையைத் தட்டச் சொன்னேன். தலைமையாசிரியர் ஜன்னல் வழியாக ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். ரோடு திறந்ததும் ஈப்போ போன அப்பா இரண்டு ரெக்கார்டுகளோடு வந்தார். ஒன்று அவருடைய சினிமாப் பாட்டு. மற்றதில் தாடிக்காரர்கள் இருந்தார்கள். அட்டையில் இருந்த ஆங்கிலப் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் பார்த்து எழுதிக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் காட்டியிருக்கிறார். "எனக்கு ஒரு மண்ணும் புரியல. ஒனக்குப் புடிக்குதுலா," என்றார். என்னிடம் அவர் பேசிய காதல் வசனம் என்று ஒன்று இருந்தால் அதுதான்.

உனக்குச் சொல்ல விரும்பும் முதல் விஷயம் இது. சாந்திக்குப் பிடித்தது எதுவோ ஒன்று உனக்குச் சத்தமாகப் படும். பாட்டாக இருக்கலாம், அவள் வீட்டுச் சமையலாக இருக்கலாம், அவள் அம்மாவின் பேச்சாக இருக்கலாம். முதல் நாளே தீர்ப்புச் சொல்லாதே. ரோடு அடைத்திருக்கிறது, வீட்டில் இது ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பத்து நாள் கேள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால், அப்பாவைப் போல ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் அவளுக்கு வாங்கிக் கொடு.

இதை உனக்கு எழுதும் தகுதி எனக்குப் பாதிதான் உண்டு. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த டிரம்காரருக்குப் பத்து நாள் கொடுத்தேன். அரை மைல் கீழே இருந்தவர்களுக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை.

ஒவ்வொரு வருஷமும் மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே லயத்தில் உறுமி பழக ஆரம்பித்துவிடுவார்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கிற அந்தச் சத்தம் பள்ளத்திலிருந்து மேலே ஏறி வரும். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன். நான் மட்டுமில்லை, மேலே இருந்த எல்லா வீட்டிலும் சாத்துவார்கள். சாதி என்ற சொல்லை நம் வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை. சொல்லாமலேயே எங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உறுமியும் தப்பும் லயத்தோடு சேர்ந்தவை, நாதஸ்வரம் நம்மோடு சேர்ந்தது.

உனக்குப் பதினைந்து வயதானபோது சாயங்காலங்களில் தானா ராத்தா டவுனுக்கு டியூஷன் போவதாகச் சொன்னாய். ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் சேகரின் அம்மா பாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்துக் கூடை இன்னும் முதுகில் இருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. "டீச்சர், ஒங்க குமார் தம்பி என்னா அடி அடிக்குது தெரியுமா! எங்க சேகரே வாயப் பொளந்துட்டான்லா," என்றாள். எனக்குச் சந்தோஷமான ஒரு செய்தியைச் சொல்வதாகத்தான் அவள் நினைத்தாள். நான் அப்படியே பள்ளத்தில் இறங்கி நடந்தேன். பெரட்டுக் களத்தில், காலையில் அப்பா நின்று ஆட்களின் பேர் கூப்பிடுகிற அதே இடத்தில், நீங்கள் ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்று அடித்துக்கொண்டிருந்தீர்கள். உன் கழுத்தில் உறுமி தொங்கியது. நான் பேசியதை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் எழுதிவிடுகிறேன். என் கையால் ஒருமுறை எழுத வேண்டும்.

"இதெல்லாம் இவங்களுக்குச் சரி. ஒனக்கு எதுக்கு?" என்று உன்னைக் கேட்டேன். பிறகு சேகரைப் பார்த்து, "நீ உருப்படாமப் போனது பத்தாதா? இவனையும் இழுக்கணுமா?" என்றேன். அவனுக்கும் பதினைந்து வயதுதான். மூன்று வருஷம் என் வகுப்பில் இருந்தவன். அப்போதும் வகுப்பில் நிற்பது போலவே கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க டீச்சர்," என்றான். பாக்கியம் என் பின்னாலேயே ஓடி வந்திருந்தாள். அவளும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து நீ கத்தவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டே, "வெள்ளைக்காரன் அடிச்சாத்தாம்மா ஒங்களுக்குக் கேக்கும்," என்றாய். அதன் பிறகு உறுமியைத் தொடவில்லை. தாடிக்காரர்களைப் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவாய். நான் தனியாகக் கேட்டுப் பார்த்தேன். எல்லாம் பிரிந்து பிரிந்து கேட்கத்தான் செய்தது. ஆனால் கூட இருந்து கேட்க ஆள் இல்லாமல் போனதும், நான் ரெக்கார்டை எடுத்து அட்டைக்குள் வைத்துவிட்டேன். நீ கோலாலம்பூருக்குப் போய்த் தொழில் கற்று வேலையிலும் சேர்ந்தாய். லீவுக்கு வரும்போது அன்பாகத்தான் இருந்தாய். என்னோடு எதைப் பற்றியும் பேசினாய், பாட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். பாக்கியம் பைப்படியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "என்னா டீச்சர், கீழ எறங்கி வந்திருக்கீங்க? யாருக்கு என்னா?" என்று பயந்துபோய்க் கேட்டாள். யாராவது செத்தால்தான் மேலே இருப்பவர்கள் அங்கே இறங்குவோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேகர் வாசலில் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருந்தான். இப்போது திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்துக்கு லோரி ஓட்டுகிறான், மீசை வைத்திருக்கிறான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போன மன்னிப்பு என் வாயில் வரவில்லை. "சேகர், குமார் கல்யாணம் தெரியும்ல? மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன் செட்டுதான் அடிக்கணுமாம். எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துரு, என்ன?" என்று வீட்டுப்பாடம் கொடுப்பது போலச் சொல்லி முடித்துவிட்டேன்.

அவன் "ம்," என்றான். பாக்கியம்தான் கேட்டாள். "நாதஸ்வரக்காரங்களுக்கு எப்படி டீச்சர் சொன்னீங்க?"

"ஐயாவும் நானும் போயிச் சொல்லிட்டு வந்தோம்."

"தட்டு வெச்சுல்ல?"

"ஆமா," என்றேன்.

"அப்ப எங்களுக்குத் தட்டு இல்லயா? எங்களுக்கு மட்டும் 'வந்துரு'தானா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் துணி பிழிந்த கை நின்றுவிட்டது.

"அம்மா, சும்மா இரேன்," என்றான் சேகர்.

"நான் என்னடா இல்லாததச் சொல்லிட்டேன்?"

இல்லாதது எதையும் அவள் சொல்லவில்லை. நாதஸ்வரக்காரருக்கு வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம் வைத்து, பத்திரிகையும் வைத்து, தானா ராத்தாவில் அவர் வீட்டு வாசலில் நின்று இரண்டு கையாலும் தட்டை நீட்டி அழைத்தோம். உறுமி செட்டுக்கு மட்டும் கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம், அவர்கள் வந்துவிடுவார்கள். இந்த எஸ்டேட்டில் காலங்காலமாக அப்படித்தான். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் அதே தவற்றைத்தான் செய்துவிட்டு வந்திருக்கிறேன். தவறு என்று தெரியாமலேயே.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு உறுமி வருவதிலேயே முழுச் சம்மதம் இல்லை என்பது உனக்குத் தெரியும். படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார். "இருவத்தி மூணு வருஷமா பெரட்டுல அவங்க பேர வாசிச்சிருக்கேன். ஒரு வீட்டு வாசல்லயும் போயி நின்னதில்ல," என்றார். பிறகு, "தேங்கா இருக்கா வீட்டுல?" என்று கேட்டார்.

இன்றைக்கு மத்தியானம் இருவரும் போனோம். அப்பாதான் தட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். லயம் முழுக்க வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. "கிராணியையா, வழி தவறிட்டீங்களா?" என்று யாரோ ஒரு கிழவர் கேட்டார். "இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சிச்சு," என்றார் அப்பா. பாக்கியம் உள்ளே ஓடிப்போய் வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அவளும் சேகரும் சேர்ந்து நின்று தட்டை வாங்கிக்கொண்டார்கள்.

அப்போதுதான் என்னால் சொல்ல முடிந்தது. "அன்னைக்கு நான் பேசுனது ரொம்பத் தப்பு, சேகர். ஒங்க அம்மா முன்னால வேற பேசிட்டேன்."

"அது பழைய கதை டீச்சர்."

"எனக்குப் பழசாகல."

அவன் தட்டில் சரிந்திருந்த தேங்காயை நிமிர்த்தி வைத்தான். "எனக்கும் ஆகலதான்," என்றான். அவன் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது, தம்பி. அவன் என்னை ஏமாற்றி அனுப்பிவிடவில்லை.

பிறகு அவன்தான் பேச்சை மாற்றினான். "சரி, என்னா அடி வேணும்னு சொல்லுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி பழகணும்லா." எனக்கு ஓர் அடியின் பெயரும் தெரியாது. இருபத்து மூன்று வருஷம் இந்த மலையில் இருந்திருக்கிறேன், தாடிக்காரர்களின் பாட்டு ஒவ்வொன்றும் எந்த அடியில் தொடங்கும் என்று சொல்வேன், இதில் எதற்கும் பெயர் தெரியாது. அதைச் சொன்னேன். "தெரியாட்டி என்னா? உக்காருங்க. ஒவ்வொண்ணா அடிக்கிறோம், புடிச்சதச் சொல்லுங்க," என்றான். செட்டில் நாலைந்து பேர் அதற்குள் கூடிவிட்டார்கள். பெரட்டுக் களத்தில் எங்களுக்கு நாற்காலி போட்டார்கள்.

முதலாவது கோயிலுக்கு உரியது. இரண்டாவது சீர்வரிசைக்கு, துள்ளலாக இருந்தது, அப்பாவின் கால் ஆடியதை நான் பார்த்தேன். மூன்றாவதில் முதலில் உறுமி மட்டும் தனியாகத் தேய்ந்துகொண்டே இருந்தது, நெஞ்சைப் பிடித்து இழுப்பது போல. இனிமேல் தாங்காது என்கிற இடத்தில் தப்பும் ஜால்ராவும் ஒன்றாக வந்து விழுந்தன.

"இதுதான்," என்றேன். "இதுக்கு என்ன பேரு?"

சேகர் மற்றவர்களைப் பார்த்தான். அவர்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இதுக்குப் பேரெல்லாம் இல்ல டீச்சர். இது குமார் போட்டது. அந்த வருஷத் திருவிழாவுக்குன்னு அவன் சேத்த அடி. அவன் வராட்டியும் நாங்க விடல. ஏழு வருஷமா அம்மன் கோயிலவிட்டு எறங்குறப்ப இதத்தான் அடிக்கிறோம்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஏழு திருவிழாவும் அந்தச் சத்தம் மேலே ஏறி வந்திருக்கிறது, நான் வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறேன்.

மாப்பிள்ளை அழைப்புக்கு அதையே அடிக்கச் சொல்லியிருக்கிறேன், தம்பி. பந்தலிலிருந்து கோயில்வரை. பெண்கள் பின்னால் வருவதுதான் வழக்கம். நான் செட்டோடு நடந்து வருவேன்.

அம்மா